மழை காணாத உத்தரவாதம்

துர்கா பூஜைக்குள் தோட்டம் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் அவசரப்படுவதும், அதற்குள் முடித்துத் தருகிறேன் என்று கான்டிராக்டர் வாக்களிப்பதும் கல்கத்தாவில் சகஜம். அவ்வாறு புரட்டாசியிலோ ஐப்பசியிலோ ஒப்படைக்கப்படும் ஒரு தோட்டத்துக்கு, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் 'ஆறு மாத உத்தரவாதம்' என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்குமானால், அந்த ஆறு மாதமும் வங்காளத்தில் மழை மிகக் குறைந்த குளிர்காலத்திலேயே கழிந்து, சித்திரையில் கால்பைசாகி என்னும் கோடைப் புயற்காற்று அடிக்கத் தொடங்கும் சமயத்தில் காலாவதியாகி, ஜூன் மாதத்தில் பருவமழை வந்து தரையையும் சுவரையும் வாய்க்காலையும் உண்மையாகவே சோதிக்கும் வேளையில் அந்த வரியினால் எவருக்கும் எள்ளளவு பிரயோஜனமும் இல்லாமற்போகிறது. இதில் கான்டிராக்டர் வஞ்சகம் செய்தார் என்று சொல்வதற்கில்லை. காலண்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நாம்தான்.

ஆகையால் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போகிற விஷயம் ஒன்றே: ஹூக்ளிக் கரையில் தோட்டம் அமைத்துக்கொள்கிறவர் செய்நேர்த்திக்கான உத்தரவாதத்தை மாதக் கணக்கில் வாங்காமல் மழைக் கணக்கில் வாங்க வேண்டும். 'ஒப்படைத்த தேதியிலிருந்து 12 மாதம், அல்லது அடுத்து வரும் முழுப் பருவமழைக்குப் பிந்திய அக்டோபர் 31, இவ்விரண்டில் எது பிந்தியதோ அதுவரை' என்று எழுதிக் கேட்டால், நியாயமாகத் தொழில் செய்கிற எந்தக் கான்டிராக்டரும் முகம் சுளிக்கமாட்டார். மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலைகளில், சிறு வேலைகள் நீங்கலாக, முடிந்த பிறகு வெளிப்படும் குறைகளை 12 மாதம் வரை கான்டிராக்டரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்ற ஷரத்து வெகுகாலமாக வழக்கத்தில் இருப்பது அவருக்கும் தெரிந்த சங்கதிதான்.

அக்கரையிலுள்ள கார்டன் ரீச் பகுதிக்கு இந்த மழைக் கணக்கு விசேஷமாகப் பொருந்துவதற்குக் காரணம் அந்நிலத்தின் இயல்பு. ஆறு கொண்டுவந்து குவித்த வண்டல் அது. கையில் பிசைந்தால் ஒட்டுகிற களிப்பாங்கான மண். மேடு பள்ளம் என்று சொல்லத்தக்க ஏற்றத்தாழ்வு ஏதுமற்ற சமதரை. ஆண்டுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. அந்நேரம் ஹூக்ளியில் வெள்ளம் ஏறியிருந்தால், ஆற்று நீர் ஊருக்குள் புகாதிருக்க மதகுகளை மூடிவிடுவார்கள். நதி வடிந்து மதகு திறக்கும் வரையில் தெருவிலுள்ள நீர் தெருவிலும் வீட்டிலுள்ள நீர் வீட்டிலும் நிற்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, இப்பகுதியில் குளங்களைத் தூர்த்து மனையாக்கிய இடங்கள் பல. 2024 மார்ச் 17 இரவு கார்டன் ரீச்சில் கட்டுமானத்திலிருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து, அண்டையிலிருந்த குடிசைகளில் உறங்கியவர்கள் பலர் மாண்டபோது, அது குளத்தைத் தூர்த்த நிலமா என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்தது. புல்தரையும் நடைபாதையும் சரிவதால் உயிர்ச்சேதம் நேர்வதில்லை என்றாலும், தூர்த்த நிலம் முதல் மழையில் அமுங்கும் என்பது தோட்டக்காரனுக்கும் உண்மையே. 'நிலத்தைப் பார்வையிட்டேன், அதன் தன்மைக்கு ஏற்ப அடித்தளம் இடுவது என் பொறுப்பு' என்று கான்டிராக்டரிடம் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிவிட்டால், பின்னால் 'மண் அப்படி, நான் என்ன செய்வேன்?' என்று அவர் கைவிரிக்க இடமிராது.

இனி, ஒரு தோட்டத்தில் எது கெட்டாலும் அதற்குக் காரணம் நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும்: செய்தவரின் கைக்குறை, வாங்கிய சாமானின் குறை, வைத்திருப்பவரின் பராமரிப்புக் குறை, இயற்கையின் சீற்றம். செய்நேர்த்தி உத்தரவாதம் முதலாவதற்கு மாத்திரமே பொருந்தும். சண்டைகள் அனைத்தும், ஒரு குறை இந்நான்கில் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதைப் பற்றியவைதான்.

பராமரிப்பு என்பது எவ்வளவு பெரிய பொருள் என்பதற்கு இந்த ஊரின் சரித்திரமே சாட்சியம் கூறுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஐரோப்பியர்கள் ஆற்றோரமாக எழுப்பிய தோட்ட மாளிகைகளால்தான் கார்டன் ரீச் அப்பெயர் பெற்றது. அயோத்தி அரசை இழந்து 1856-இல் கல்கத்தாவுக்கு வந்த நவாப் வாஜித் அலி ஷா, 1887-இல் மரணமடையும் வரையில் இங்குள்ள மட்டியாபுருஜில் மாளிகைகளும் தோட்டங்களும் மிருகக்காட்சி சாலையும் வைத்து ஒரு குட்டி லக்னோவையே நடத்தினார். அவர் கண்மூடியதும் அந்தச் சொத்துக்கள் பிரிந்து விலைபோய், தோட்டங்கள் இருந்த சுவடே தெரியாமல் மறைந்தன. ஆற்றின் எதிர்க்கரையில், ஷிப்பூரில், கர்னல் ராபர்ட் கிட் 1787-இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவோ இன்றும் இருக்கிறது. அதிலுள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரம் பூஞ்சை தாக்கி 1925-இல் வெட்டி அகற்றப்பட்ட பின்னும், விழுதுகளை ஊன்றச் செய்து காத்துவரும் ஆட்கள் ஓயாமல் இருந்தபடியால் மரம் படர்ந்துகொண்டேயிருக்கிறது. நவாபின் தோட்டக்காரர்கள் கைத்திறனில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றுவதை நாம் நிறுத்தினால் செய்நேர்த்தியைக் குறைசொல்லிப் பயனில்லை என்பதற்காகவே இதை இங்கே எடுத்துக்காட்டுகிறேன்.

ஆயினும், 'நீங்கள் தண்ணீர் விடவில்லை' என்பது கான்டிராக்டர்கள் எல்லாக் குறைக்கும் தயாராக வைத்திருக்கும் பதிலாகையால், அதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நட்ட நான்காம் மாதத்தில் ஒரு கன்று இலை மஞ்சளித்து வாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிடுங்கி எறியாமல், தண்டிலிருந்து சிறிது தள்ளி மண்ணைக் கையாலேயே மெல்ல விலக்கிப் பார்க்க வேண்டும். பல சமயங்களில், அரையடி ஆழத்தில் விரலில் வழவழப்பாக ஒன்று தட்டுப்படும். அது நாற்றுப்பண்ணையில் கன்றை வளர்த்த கறுப்புப் பாலிதீன் பை. அவசரத்தில் ஆள் பையைக் கிழிக்காமல் அப்படியே குழியில் இறக்கியிருப்பான். வேர்கள் வெளியேற வழியின்றிப் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிற்றுப் பந்தாகத் திரண்டிருக்கும். பையை வெளியே இழுப்பதற்கு முன், மண்ணில் அது இருந்த நிலையிலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவசியம். அந்த ஒரு படத்தின் முன்னால் தண்ணீர்ப் பேச்சு நில்லாது. கழுத்துவரை மண்மூடி ஆழமாக நடப்பட்ட கன்றும், முட்டுக்கோல் இல்லாமல் விடப்பட்டுச் சாதாரணக் கால்பைசாகியில் சாய்ந்த மரக்கன்றும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

புல்தரையில் விவகாரம் இன்னும் சிக்கல். கோரை முளைப்பதைக் களை என்று சொல்லி வீட்டுக்காரர் தலையில் கட்டுவது வழக்கம். ஆனால் கான்டிராக்டர் தாமே லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்ணில் கோரைக் கிழங்கு இருந்திருக்குமானால், அது அவர் கொண்டுவந்த சாமானின் குறையே. கல்கத்தாவில் தோட்டத்துக்குக் 'கங்கா மாட்டி' என்னும் ஆற்று வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவது பழக்கம். மணலும் மக்கிய எருவும் போதிய அளவு கலவாமல் அதை மாத்திரம் பரப்பினால், வெயிலில் ஓடுபோல் இறுகி, மழையில் சேறாகிவிடுகிறது. எந்த மண், எந்த விகிதத்தில், எத்தனை அங்குல கனத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி இதை நிரூபிப்பது கடினம்.

செய்நேர்த்தியின் உண்மையான களம் கல்லும் காரையும் போட்ட இடங்கள்தான். பணத்தில் பெரும்பகுதி போவதும் அங்கேதான். பேவர் பிளாக் பதித்த நடைபாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தெரியும் கல் பெரும்பாலும் குற்றமற்றது; அடியில் மண்ணை வெட்டி, இறுக்கி, ஜல்லியும் கிரஷர் தூளும் இட்டு, அதையும் எந்திரம் வைத்து இறுக்கி, அதன்மேல் மெல்லிய மணற்படுகை பரப்பி, ஓரங்கள் நழுவாதிருக்கக் கான்கிரீட் கரை கட்டினார்களா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இவற்றில் எதை விட்டிருந்தாலும் ஒப்படைக்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாது. முதல் மழைக்குப் பிறகு பாதையின்மேல் வெறுங்காலோடு மெதுவாக நடந்து பாருங்கள்: ஒரு கல்லின் மூலையை மிதித்தால் எதிர்மூலை மெல்ல எழும்பி, இடுக்கிலிருந்து சேற்று நீர் பீச்சுமானால், அடித்தளம் இறுக்கப்படவில்லை என்று அறியலாம். கார் நிற்கிற இடத்தில் அதற்கேற்ற கனமுள்ள கல்லுக்குப் பதில் நடைபாதைக்கு உரிய மெல்லிய கல்லைப் பதித்துவிட்டு, கல் உடைந்ததும் உற்பத்தியாளரைக் கைகாட்டுவதும் உண்டு. கல்லைத் தேர்ந்தவர் கான்டிராக்டராகையால் அது அவர் பொறுப்பே. பாதையின் சரிவு வீட்டை நோக்கியிராமல் வெளியே போக வேண்டும். 50 அடி நீளத்துக்கு 1 அடி இறக்கம் என்பது ஏறக்குறையச் சரியான அளவு.

மண்ணைத் தாங்க எழுப்பிய தாழ்ந்த சுவர்களில், கொத்தனார்கள் 'வீப் ஹோல்' என்று சொல்லும் நீர்க்கசிவுத் துளைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதோடு நில்லாமல், மழை நின்ற மறுநாள் அத்துளைகளிலிருந்து நீர் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அழகாகக் குழாய் செருகிய துளைக்குப் பின்னால் ஜல்லி நிரப்பாமல் வெறுங்களியை அப்பியிருந்தால், மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கி, சுவர் மெல்ல வயிறு தள்ளும். இக்குறை வெளிப்பட இரண்டு மழைக்காலங்கள்கூட ஆகலாம். சுவருக்கு மட்டும் தனியாக நீண்ட காலம் கேட்டு வாங்குவது உசிதம்.

பம்பு, டைமர், தோட்ட விளக்கு முதலியவை உற்பத்தியாளரின் உத்தரவாதத்துக்கு உட்பட்டவை. வியாபாரியின் முத்திரையும் தேதியும் பதிந்த கார்டுகளை ஒப்படைக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். கான்டிராக்டரின் பெயரில் ரசீது இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

இயற்கைச் சீற்றம் என்ற விலக்கு எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும், இருப்பது நியாயமே. 2020 மே 20 அன்று ஆம்ஃபான் புயல் கல்கத்தாவை உலுக்கியபோது நூற்றாண்டு கண்ட மரங்கள்கூட வேரோடு சாய்ந்தன. ஷிப்பூர்ப் பூங்காவின் பெரிய ஆலும் அடிபட்டது. அத்தகைய புயலுக்குக் கான்டிராக்டரை ஜவாப்தாரியாக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் வருகிற பருவமழையை இயற்கைச் சீற்றத்தில் சேர்க்க எவருக்கும் நான் சம்மதம் கொடுக்கமாட்டேன். வரும் என்று தெரிந்த மழைக்காகத்தானே வாய்க்கால் வெட்டக் கூலி கொடுத்தோம்! 'வானிலைத் துறை புயல் என்று அறிவித்தவை மட்டும்' என்று அந்த விலக்கைக் குறுக்கி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு விலக்கும் பார்த்துக்கொள்ள வேண்டியது. உத்தரவாதம் செல்ல வேண்டுமானால் மாதாந்திரப் பராமரிப்பையும் அதே கான்டிராக்டரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சிலர் நிபந்தனை போடுகிறார்கள். செடிகளைப் பொறுத்தவரை இதில் ஓரளவு நியாயமுண்டு. உங்கள் மாலி, அதாவது தோட்டக்காரன், அளவுக்கு மீறிக் கடுகுப் பிண்ணாக்கைக் கொட்டிக் கருக்கிய செடியை அவர் ஏன் மாற்றித் தர வேண்டும்? நடைபாதைக்கும் சுவருக்கும் வாய்க்காலுக்கும் இந்த நிபந்தனையை நீட்டுவது அநியாயம், அடித்துவிடச் சொல்லலாம்.

ஒப்படைக்கும் நாளில் வீட்டுக்காரரும் கான்டிராக்டரும் சேர்ந்து ஒரு மணி நேரம் தோட்டத்தைச் சுற்றிவந்து, குழாயைத் திறந்து ஒவ்வொரு தரைப்பகுதியிலும் நீரைப் பாய்ச்சி, அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்து, கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். மூடுவதற்கு முன்பே அடித்தளங்களையும் குழாய்களையும் படமெடுத்து வைத்திருந்தால் அதைவிட மேலான ஆதாரம் வேறில்லை. மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை மழை முடியும்வரை நிறுத்திவைப்பதற்கு ஒப்பந்தத்திலேயே இடம் செய்துகொள்ள வேண்டும். கடைசி ரூபாயையும் கொடுத்துவிட்டுப் பிறகு போன் செய்கிறவருக்கும், பத்தாயிரம் பாக்கி வைத்திருக்கிறவருக்கும் கிடைக்கும் மரியாதையில் வித்தியாசம் உண்டு.

ஷரத்து எவ்வாறு இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். கான்டிராக்டருக்குத் தமிழ் தெரியப்போவதில்லையாதலால் ஆங்கிலத்திலோ வங்காளத்திலோ இதே கருத்தை எழுதிக்கொள்ளலாம்: "இத்தோட்டத்தின் நடைபாதை, வடிகால், சுவர், மண்நிரப்பு, நீர்க்குழாய் ஆகியவற்றில் வேலைக்குறையால் தோன்றும் அமுங்கல், விரிசல், நீர்த்தேக்கம், கசிவு யாவற்றையும், மேற்சொன்ன காலத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கப்பட்ட 15 நாட்களுக்குள், பொருளும் கூலியும் உட்பட என் செலவில் சரிசெய்து தருவேன், மழை நின்று நான்கு மணி நேரத்துக்குப் பின்னும் தரையில் தேங்கி நிற்கும் நீர் குறையாகவே கருதப்படும், தெருவில் நீர் தேங்கியுள்ள நேரம் இதில் சேராது, இறந்த செடிகளை 90 நாட்களுக்குள் ஒருமுறை அதே இனத்திலும் உயரத்திலும் மாற்றித் தருவேன்." நான்கு மணி நேரம் என்பது என் அபிப்பிராயம்; உங்கள் நிலத்துக்கு ஏற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஏதாவதொரு அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

சட்டத்தின் துணை எவ்வளவு என்றும் பார்ப்போம். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இங்கேயே இருப்பதால் கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ்வாசிகளான தமிழர்கள் உண்டு. அவர்கள் தோட்டத்தில் இலாகா செய்வித்த வேலைக்கு ஒப்பந்தம் இலாகாவுக்கும் கான்டிராக்டருக்கும் இடையிலானது. குடியிருப்பவர் இன்ஜினீயரிங் பிரிவில் புகார் எழுதிக் கொடுப்பதற்கு மேல் செய்யத்தக்கது அதிகமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கியவர் நிலை வேறு: 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பூங்காவையும் விளையாட்டிடத்தையும் பொது இடங்களில் சேர்த்திருக்கிறது, அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவு, சுவாதீனம் கொடுத்த ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைத்தரக் குறைகளை 30 நாட்களுக்குள் இலவசமாகச் சரிசெய்யும் கடமையைக் கட்டியவர்மேல் சுமத்துகிறது. மேற்கு வங்கம் தனக்கெனத் தனிச் சட்டம் வைத்திருந்ததை 2021 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் ரத்துச் செய்தபின் இந்த மத்தியச் சட்டமே இங்கும் செல்லும்.

சொந்த மனையில் தோட்டம் போட்டவருக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் வழக்கிடலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. குறை தோன்றியதிலிருந்து இரண்டாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம் பற்றிய ஷரத்து இருப்பதால் ஆணையத்துக்குப் போகக்கூடாது என்று யாராவது மிரட்டினால், 2018-இல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தை ஏற்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் நீங்களே மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மாலியின் வேலையும், நண்பர் இலவசமாகச் செய்து தந்த வேலையும் இச்சட்டத்துக்குள் வாரா. மட்டியாபுருஜில் தையல் பட்டறை வைத்திருப்பவர் பட்டறை முகப்பில் போட்ட தோட்டமும், வியாபார நோக்கம் என்ற ஆட்சேபத்துக்கு உள்ளாகலாம். அப்போது சிவில் கோர்ட்டுக்கே போக வேண்டும்.

வழக்குக்கு முன் செய்யவேண்டியது கடிதம். தேதி, குறை, படம், சரிசெய்யக் கோரும் அவகாசம் ஆகிய நான்கும் அடங்க ஒரு பக்கத்துக்குள் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, அதன் பிரதியை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள்; வாட்ஸ்அப் பேச்சைச் சாட்சியமாகத் தாக்கல் செய்ய, 2024 ஜூலை முதல் அமலிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டியிருக்கும் என்பதால் பழைய செல்போனைப் பத்திரமாக வையுங்கள். பதிலில்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும்: கான்டிராக்டர் வந்து பார்ப்பதற்குள் வேறொரு மேஸ்திரியைக் கொண்டு கல்லைப் பெயர்த்துச் சரிசெய்துவிட்டால், குறை யாருடையது என்பதை அதன்பின் பிரம்மாவாலும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் நீர் புகும் அவசரமானால், படமெடுத்து, கான்டிராக்டருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, நீரைத் திருப்புவதற்கு வேண்டிய அளவு மட்டும் செய்துகொள்ளுங்கள்.

அவர் வந்து சரிசெய்து கொடுத்தால், சரிசெய்த பகுதி, தேதி, அதற்குரிய புதிய காலம் ஆகியவற்றை அதே உத்தரவாதப் பத்திரத்தின் பின்புறத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும். செப்டம்பரில் மீண்டும் பதித்த நடைபாதை அக்டோபரோடு உத்தரவாதம் இழந்துவிடுமானால் மழைக் கணக்கு வாங்கியதில் அர்த்தமில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் அடுத்த ஆண்டு அக்டோபர் வரை நீட்டிக்கச் சொல்லலாம், பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். மழைக்காலம் குறையின்றிக் கழிந்ததானால், நவம்பர் முதல் வாரத்திலேயே நிறுத்திவைத்த பணத்தைக் கொடுத்து, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாக ரசீது வாங்கிவிடுங்கள். மறு வருஷம் சுவருக்கு ஆள் தேவைப்படும்போது தயங்காமல் வருகிறவர், பாக்கியைத் தவணை தப்பாமல் வாங்கிய அந்தக் கான்டிராக்டராகத்தான் இருப்பார்.